ரெண்டே ரெண்டு ஒயர்தான்

உலகத்தில் உள்ள இயந்திரங்கள் அனைத்தும் இரண்டே இரண்டு ஒயரால் ஆனவை என்று மனப்பூர்வமாக நம்பும் ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. நின்றுபோன மின்விசிறியைக் காட்டினால் அந்த இனத்தைச் சேர்ந்தவர் அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார். வாயை மூடிக்கொண்ட ரேடியோ, தண்ணீர் ஏற்றாத மோட்டார், பாதி மட்டும் சூடாகிற இஸ்திரிப் பெட்டி, எதைக் காட்டினாலும் அதே பார்வைதான். பிறகு தீர்ப்பு வரும். "இதுக்கு எதுக்குங்க ஆளு? ரெண்டு ஒயர்தான்!"

அந்த இரண்டு ஒயரும் எவை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், அதில் பிஸ்கட் இருக்காது. பிரித்த சாமானை மறுபடி பூட்டிய பிறகு மிஞ்சிப்போன திருகாணிகள், ஸ்பிரிங்குகள், எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாத பித்தளை வளையங்கள் எல்லாம் அதில் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சியதைப் பார்த்து நாம் பயப்படுவோம். அவர் பயப்பட மாட்டார். "பாத்தீங்களா, இது இல்லாமலே ஓடுது. கம்பெனிக்காரன் சும்மா போட்டு வெச்சிருக்கான்," என்பார். புதிதாக வாங்கும் சாமானோடு விளக்கத் தாள் ஒன்று வருமே, அதைப் படிப்பது அவருக்குப் பெரிய தன்மானப் பிரச்சினை. "அது தெரியாதவங்களுக்கு" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார். தெரியாதவர்கள் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள், இவர் படிக்காமலே தெரிந்தவராக இருக்கிறார். உலகம் இப்படித்தான் நடக்கிறது.

இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி ஒருவர் என் பக்கத்து வீட்டிலேயே வசிக்கிறார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அவர் பல் டாக்டர். தொழிலில் கெட்டிக்காரர், அவர் கை பட்டால் வலி தெரியாது. ஆனால் கண்ட குச்சியால் சொந்தப் பல்லை நோண்டிவிட்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உங்க பல்ல நீங்களே நோண்டலாமா? இதுக்குன்னு படிச்சவன் ஒருத்தன் எதுக்கு உக்காந்திருக்கேன்? தெரியாத வேலையில கைய வெக்கலாமா?" என்று பிடிபிடியென்று பிடிப்பார். நானும் இந்தத் திட்டை வாங்கியிருக்கிறேன். வாய்க்குள் இரண்டு கருவி இருக்கும்போது திருப்பிக் கேட்க முடியுமா என்ன?

அவரிடம் ஒரு பழைய லாரி இருக்கிறது. அவர் பிறப்பதற்கு முன்னால் பிறந்தது. ஒரு கல்குவாரி மூலையில் முள்செடி மண்டிக் கிடந்ததை ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டு வந்தார். எட்டு மாதம் துருவைத் தேய்த்து, நெளிந்த தகட்டைத் தட்டி, என்ஜினை ஓடவைத்து, கடைசியில் மூன்று கோட்டு பெயின்ட் அடித்தார். அடர் பச்சை. அந்த மட்கார்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதன்மேல் ஈ உட்கார்ந்தால்கூட, ஈயை விரட்டிவிட்டு உட்கார்ந்த இடத்தைத் துணியால் துடைப்பார். அந்தப் பெயின்ட் வேலையில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு நன்றாக இருந்தது.

லாரி வாங்கியது ஆசைக்கு. ஆனால் அதற்கு ஓர் அவசரம் வந்தது மகளால். ஒரே மகள். படிப்பை முடித்தவளுக்கு ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கட்டில், மேஜை, புத்தக அலமாரி, மூட்டை முடிச்சுகளோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருடத்தில் டாக்டர் ஒரு நாள்கூட அவளைக் கொண்டுபோய் விட்டதில்லை. காலை வேளையில்தான் எல்லோருக்கும் பல் வலிக்கும். அந்தக் குறை அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. "இந்தத் தடவ நான்தான் உன்னக் கொண்டுபோய் விடுவேன். நம்ம லாரியில. சாமானோட. நீ முன்னாடி எம் பக்கத்துல உக்காந்து வரணும்," என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரே ஒரு தடை. அந்த லாரி பிறந்த காலத்தில் திரும்புவதற்கு சிக்னல் விளக்கு கிடையாது. சாலையில் ஓட்டுவதற்குச் சான்று வேண்டுமானால் நாலு மூலையிலும் விளக்கு மாட்டி, அது ஒழுங்காகக் கண் சிமிட்ட வேண்டும் என்று வண்டிச் சோதனை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சோதனை. அதே வாரம் திங்கட்கிழமைதான் பார்சல் வந்தது. நாலு மஞ்சள் விளக்கு, ஸ்டியரிங் தண்டில் மாட்டுகிற ஒரு சுவிட்ச், அதிலிருந்து தொங்குகிற ஏழு ஒயர், விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் ஒரு சின்ன டப்பா. கூடவே எட்டாக மடித்த விளக்கத் தாள்.

"ஏழு ஒயர் இருக்கே டாக்டர்?" என்றேன், சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"பாக்கத்தான் ஏழு. உள்ள போனா ரெண்டுதான்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது. முந்தின வாரம்தான் என் கடைவாய்ப் பல்லின் வேரைத் திறந்து, உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக எதையோ பூசி அடைத்து, "திங்கக்கிழம சாயங்காலம் வாங்க, முடிச்சுடலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் 'டாக்டர் வெளியூர்' என்ற பலகை தொங்கியது. வெளியூர் போன டாக்டர் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அந்த வாரம் முழுக்க நான் ஒரு பக்கமாகவே மென்றேன். ஆகவே இந்தக் கட்டுரையில் எங்காவது காரம் தூக்கலாக இருந்தால், அதைப் பல்லின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இனத்தார் வேலையைத் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தரையில் ஒரு பழைய போர்வையை விரிப்பார்கள். பழையது என்பது அவர்கள் சொல்வது, மனைவியின் கருத்து வேறாக இருக்கும். அதன்மேல் சாமான்களை வரிசையாக அடுக்கிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு டீ. வேலையில் பாதி முடிந்துவிட்டது என்ற நிம்மதியோடு அதைக் குடிப்பார்கள். பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். இவர்களுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை, ஆனால் கூடவே மூன்று பேர் நிற்க வேண்டும். ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்று எரிகிறதா என்று சொல்ல, ஒருவர் கேட்டதை எடுத்துக் கொடுக்க. மூன்று பேருக்கும் கை இருக்கலாம். வாய் இருக்கக் கூடாது. மகளுக்கு டார்ச், மனைவிக்குப் பின்பக்கம், எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு என்று முடிவாயிற்று.

முதல் நாளே மகள் ஒரு தப்புச் செய்தாள். விளக்கத் தாளைப் பிரித்துப் படித்துவிட்டாள்.

"அப்பா, ரெண்டாவது வரியிலயே போட்டிருக்கு. லைட்ட முடுக்குற எடத்துல பெயின்ட்ட நல்லா சுரண்டி, இரும்பு தெரியணுமாம். படம்கூடப் போட்டிருக்கான் பாருங்க."

டாக்டர் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். பெற்ற பிள்ளையின் கன்னத்தைக் கீறச் சொன்னதுபோல் அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"சுரண்டறதா? எதை? இந்தப் பெயின்ட்டையா?"

"எர்த்து கெடைக்கணும்னா அப்படித்தானாம்ப்பா."

"அது எவனோ தகர டப்பா வண்டி வெச்சிருக்கறவனுக்கு எழுதினது. நீ லைட்டப் பிடிம்மா."

தாள் டீ தம்ளருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. இதில் சூட்சுமம் என்னவென்று எனக்கே பிற்பாடுதான் புரிந்தது. விளக்குக்கு மின்சாரம் வந்தால் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். வருவது ஒயர் வழியாக. திரும்பிப் போவது லாரியின் இரும்பு உடம்பு வழியாக. அதைத்தான் எர்த்து என்கிறார்கள். விளக்கின் அடிப்பக்கம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் அது நடக்கும். நம்மவரோ மூன்று கோட்டு பெயின்ட்டுக்கு மேலே விளக்கை வைத்தார். அதுவும் பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று நடுவில் ரப்பர் வளையம் ஒன்றையும் கொடுத்து, மெத்தைமேல் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் உட்காரவைத்தார்.

அதற்கு முன் அவர் வேறொரு சாதனை செய்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் சிவப்பு ஒயர் ஒரு பெரிய சுருள் கிடந்ததால் எல்லா இணைப்பையும் சிவப்பிலேயே இழுத்துவிட்டார். எது எதற்கு என்று தெரிய வேண்டாமா? ஆஸ்பத்திரியில் பஞ்சு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, ஒவ்வொரு ஒயரிலும் ஒட்டி, பல்லுக்கு எழுதுகிற மாதிரியே 'மேல் இடது', 'கீழ் வலது' என்று எழுதினார். முன்பக்கம் மேல்வரிசை, பின்பக்கம் கீழ்வரிசை. பல் டாக்டர் எப்போதும் எதிரே நின்று வேலை செய்கிறவர், நோயாளியின் இடது பக்கம் அவருக்கு வலது கைப் பக்கம் இருக்கும். இருபத்தைந்து வருடப் பழக்கம், கை தானாக மாற்றி எழுதும். லாரிக்கு முன்னால் நின்று எழுதிய வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

"அப்பா, இது வலது பக்கம். நீங்க இடதுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள் மகள்.

"எதிர்ல நின்னு பாரும்மா. உனக்கு வலதுன்னா வண்டிக்கு இடது."

"நாம இப்ப வண்டிக்குப் பின்னாடி நிக்கறோம்ப்பா."

டாக்டர் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தார். உரித்ததை என் கையில் கொடுத்தார், குப்பையும் என் இலாகா என்று அப்போதுதான் தெரிந்தது. லாரியிடம் யாராவது, வாயைத் திறந்துகொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து படு என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை, மாட்டுவதற்கு முன்னால் எல்லா விளக்கையும் மேஜைமேல் பரப்பி, ஒவ்வொன்றின் அடியையும் நேராக பாட்டரியோடு ஒயரால் சேர்த்து, சோதித்துப் பார்த்தார். நாலும் அழகாகக் கண் சிமிட்டின. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா? ரெண்டு ஒயர்!" அந்த ஒரு சாயங்காலம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது என் பல் வலிகூட எனக்கு மறந்துபோயிற்று.

புதன்கிழமை லாரியில் மாட்டினார். டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சுவிட்சை இடது பக்கம் தள்ளினார்.

"எரியுதா?"

"எரியுது," என்றார் மனைவி பின்னாலிருந்து.

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

"நான் இடது பக்கம்தான போட்டிருக்கேன்!"

"அத லைட்டுகிட்ட சொல்லுங்க."

"சிமிட்டுதா?"

"இல்லீங்க. தூக்கக் கலக்கத்துல முழிக்கிற மாதிரி மங்கலா நிக்குது."

வலது பக்கம் தள்ளினார். அதே நாலு விளக்கு, அதே தூக்கக் கலக்கம். திரும்பிப் போக வழி தெரியாத மின்சாரம் கண்ட ஒயரிலெல்லாம் புகுந்து அலைந்துகொண்டிருந்தது என்பது இப்போது நமக்குத் தெரிகிறது. டாக்டருக்குத் தெரியவில்லை. ஆகவே சந்தேகப்பட ஆரம்பித்தார். முதலில் சுவிட்சைச் சந்தேகப்பட்டார். பிறகு டப்பாவை. பிறகு பாட்டரியை. பிறகு பார்சல் அனுப்பிய கம்பெனியின் நேர்மையை. பிறகு சுவிட்சைத் துடைத்துவைத்த மனைவியை. தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டார். பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். அங்கே எல்லாம் சுத்தமாக இருந்தது.

"அப்பா, அந்தப் பெயின்ட்டு..."

"லைட்ட நேராப் பிடிம்மா."

எங்கள் தெருமுனையில் வண்டி ஒயரிங் கடை ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து எண்ணி இருநூறு அடி. அந்தக் கடைக்காரர் டாக்டரிடம் மூன்று பல் கட்டிக்கொண்டவர், நல்ல மனுஷர். டாக்டரின் மனைவி அவரைக் கூப்பிடலாமே என்று சொன்னதுதான் தாமதம், "ரெண்டு ஒயருக்கு ஆளா? நாளைக்கு அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்," என்று டாக்டர் எகிறினார். வியாழக்கிழமை அந்தக் கடைக்காரர் எதேச்சையாக எங்கள் வழியாக நடந்து வந்தபோது, விளக்குகள்மேல் போர்வையை இழுத்துப் போட்டு மூடிவிட்டு, டாக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் போர்வையையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அன்றைக்கே எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து இழுத்தார். மறுபடி மங்கல். மகள் மறுபடி தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். டீக் கறை வட்டத்துக்கு நடுவே படம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. "இத ஒரு தடவ பாருங்கப்பா," என்றாள். "எனக்கு எடுத்து வெச்ச வேலையே தலைக்கு மேல கெடக்கு, நீ வேற," என்றார் அவர். அன்று என் பல்லை அடைத்திருந்த பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. அவர் இருந்த நிலைமையில் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் மெழுகுவர்த்தி இருந்தது. கொஞ்சம் உருக்கி நானே அடைத்துக்கொண்டேன். இதில் என்ன இருக்கிறது, ஒரு ஓட்டைதானே?

வெள்ளிக்கிழமை சோதனை அலுவலகம். எடுத்துக் கொடுப்பவன் என்ற முறையில் நானும் போனேன். அதிகாரி லாரியைச் சுற்றி வந்தார். பெயின்ட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றார், தன்னையறியாமல் மீசையைச் சரிசெய்துகொண்டார். டாக்டர் என் விலாவில் இடித்தார்.

"இடது பக்கம் போடுங்க டாக்டர்."

"போட்டிருக்கேன்."

"எது இடது?"

"நாலும் எரியுதுல்ல? அதுல ரெண்டு இடது."

அதிகாரி பேனாவை மூடினார். நல்லவேளை, அவருக்கும் பல் இருந்தது. "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். யாராவது தெரிஞ்சவங்ககிட்டக் காட்டி சரிபண்ணிக் கொண்டாங்க. முடிச்சுத் தரேன்," என்றார் தணிந்த குரலில். யாராவது தெரிஞ்சவங்ககிட்ட! அந்த ஒரு வார்த்தையில் காரியம் கெட்டது. வீடு திரும்பியதும் டாக்டர் யாரையும் கூப்பிடாமல் மறுபடி லாரிக்கு அடியில் புகுந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் மகள் டார்ச்சோடு வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குரலை இறக்கி, ரகசியம் பேசுகிறவளைப் போலச் சொன்னாள்.

"அப்பா, ஒரே ஒரு லைட்டுக்கு மட்டும் லேசா சுரண்டிப் பாப்பமா? அடியில. வெளிய தெரியவே தெரியாது. நாளைக்கு ஆயிடுச்சுன்னா நாம ரெண்டு பேரும் போயிடலாம்ப்பா."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. இது வேற விஷயம்."

அவள் டார்ச்சை அணைத்து, போர்வைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த நேரத்தில் டாக்டரின் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது. ஆனால் என் பல்லில் இன்னும் பாதி வேலை பாக்கி.

சனிக்கிழமை காலையில் புதிதாக ஒரு டப்பா வாங்கி மாட்டினார். பன்னிரண்டு மணி அடித்தபோது அவர் தலை டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. அடித்தது அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் ஸ்பேனர் சத்தம் நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து மனைவி முன்வாசலில் நின்று, யாருக்கோ போன் பண்ணி, நாளைக்குக் காலையில் ஒரு வாடகை வேன் வேண்டும் என்று சொன்னார். வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லவில்லை, வேண்டுமென்றே மெதுவாகவும் சொல்லவில்லை. டாக்டர் எழுந்து போய்க் கை கழுவினார். அவ்வளவு நேரம் கை கழுவி நான் யாரையும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்தது. கட்டில் ஏறியது, மேஜை ஏறியது, அலமாரி ஏறியது. அத்தனை சாமானையும் டாக்டர் தானே தூக்கினார். பச்சை லாரி பக்கத்தில் காலியாக நின்றது, அதன் பக்கம் அவர் திரும்பவில்லை. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், "வரேன் மாமா" என்று என்னிடம் சொன்னாள், அப்பாவைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தாள், முன் இருக்கையில் வேன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேன் வாசலை விட்டு இறங்கி, இடது பக்கம் திரும்புவதற்காக நின்றது.

"நிறுத்து! நிறுத்து!"

டாக்டர் வேனுக்குப் பின்னால் ஓடினார். அப்பா மனம் தாங்காமல் ஓடுகிறார் என்று நினைத்து நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"பின்னாடி இடது பக்க சிக்னல் எரியல!"

"அது ஒரு வாரமா அப்படித்தான் சார் இருக்கு," என்றார் வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி. "கையக் காட்டிட்டுப் போயிடுவேன்."

"எம் பொண்ணு போற வண்டிங்க இது! அஞ்சு நிமிஷம். ரெண்டு ஒயர்தான்."

டாக்டரின் மனைவி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் இறங்கி வந்தாள். யாரும் சொல்லாமலே டார்ச்சை எடுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள், பட்டப்பகலில். டாக்டர் விளக்கைக் கழற்றினார். அடியில் பழைய பெயின்ட்டும் துருவும் அப்பிக் கிடந்தன.

"சுரண்டுங்கப்பா," என்றாள் மகள்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து, பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கிற கொக்கியை உருவினார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அடுத்தவன் வண்டி, அடுத்தவன் பெயின்ட். கர், கர் என்று சுரண்டித் தள்ளினார். உள்ளிருந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. விளக்கை அதன்மேல் வைத்து இரண்டு முடுக்கு முடுக்கினார். "போடுங்க!" என்றார். டிரைவர் போட்டார். விளக்கு பளீர் பளீரென்று கண் சிமிட்டியது.

டாக்டர் அந்த விளக்கையே பார்த்தார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பித் தன்னுடைய பச்சை லாரியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார். "இத நீ எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

வாசல்படியிலிருந்து அவர் மனைவி எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள்.

"சொல்லியிருக்கணும்ப்பா," என்றாள். "மறந்துட்டேன்."

அவர் கையிலிருந்த துரு அவள் சட்டையில் பட, அவரை ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேனில் ஏறிப் போய்விட்டாள். வேன் இடது பக்கம் திரும்பியது. விளக்கு ஒழுங்காக எரிந்தது.

டாக்டர் லாரிக்கு முன்னால் போய், மட்கார்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையில் கொக்கி இருந்தது. நான் சுவரைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றேன், எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்குமோ என்று.

"அவ மறக்கலல்ல?" என்றார் என்னைப் பார்க்காமல். "மூணு தடவ சொன்னா, இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"நாலு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த அடர் பச்சையில் கொக்கியை வைத்து அழுத்தினார். சுரண்டச் சுரண்ட அவர் கண்ணில் நீர் வந்தது. பெயின்ட்டுக்காக அல்ல என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. லாரியின் விளக்குகள் இடது என்றால் இடது, வலது என்றால் வலது என்று கண் சிமிட்டின. ஏற்றிக்கொண்டு போகத்தான் யாரும் இல்லை.

சிரித்தீர்களா? சிரியுங்கள். நம்மிடம் லாரி கிடையாது, ஒயரைத் தொட்டால் நமக்கு நடுக்கம், இந்த ஆள் நாமில்லை என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கலாம். எதற்கும் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவோம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் எங்கோ, வீட்டுக்குள்ளிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம், ம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்?

தெரியவில்லையா? போய்க் கேளுங்கள். அதற்கு முன்னால், அவர்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.